நாற்காலிக்குக் கீழே பெடல்

அந்த வீட்டில் தையல் மெஷினுக்கு நேரம் குறிப்பவர் தைக்கிறவள் அல்ல, அவள் புருஷன். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஆனால் மெஷின் எப்போது ஓடலாம், எப்போது ஓடக்கூடாது என்பதைத் தினமும் காலையில் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு அவர்தான் அறிவிப்பார். சர்வீஸ் முழுக்க பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எது நிற்க வேண்டும் என்று மைக்கில் கத்தியே தொண்டை தடித்துப்போனவர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது அனுப்பவும் நிறுத்தவும் அவருக்கு வண்டி இல்லை. ஒரு பெண்டாட்டி இருந்தாள், ஒரு தையல் மெஷின் இருந்தது, ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இவற்றை வைத்துக்கொண்டே அவர் டிப்போ நடத்தினார்.

"பத்துலேர்ந்து பன்னெண்டு விவாதம். ரெண்டுலேர்ந்து அஞ்சு படம். அப்புறம் நியூஸ். ரெக்கார்டிங் நேரத்துல மெஷின் கூடாது. புரிஞ்சுதா?"

அவள் பதில் சொல்ல மாட்டாள். பதில் சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும், அதற்கு இவள் ஒன்று சொல்ல, பொழுது அதிலேயே போய்விடும். தெருவில் அவளை டெய்லரம்மா என்பார்கள். அவரை டைம்கீப்பர் என்பார்கள், அவர் இல்லாதபோது வேறு சிலதும் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் அவர்களுடைய ஒரே மகளுடையது. வெளியூரில் வேலை கிடைத்துப் போனவள் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப் போனாள். அந்தச் சமயத்தில்தான் டைம்கீப்பருக்குக் கேபிள்காரனோடு சண்டை வந்தது. சண்டை எதற்கு என்று கேட்டால் இப்போது அவருக்கே சொல்லத் தெரியாது. "காத்துல சும்மா வர்றதைப் பிடிச்சுப் பார்க்க இவன் யாருடா நடுவுல?" என்று ஒயரை அவரே பிடுங்கி வாசலில் எறிந்தார். பிறகு மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் ஆன்டெனாவைக் கட்டினார். ஆன்டெனா ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி, விரல் நீளத்தில் இருந்த ஒரு டியூனருக்குள் போயிற்று. டியூனர் கம்ப்யூட்டரில் சொருகி நின்றது. காற்றில் வருகிற சேனல்கள் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தன. தெரிந்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு பட்டனை அழுத்தினால் வருவதை அப்படியே பதிவும் செய்துகொள்ளலாம், நேரம் குறித்துவிட்டால் ஆளே இல்லாமல் தானாகப் பதிவாகும் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். நேரம் குறிப்பது! மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதிலிருந்து அவர் பதிவு செய்யாதது எதுவும் இல்லை. விவாதம், வினாடி வினா, வானிலை, பழைய படம், புதிய படம், யாரோ யாருக்கோ கொடுத்த பேட்டி. கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு தொடர் வந்தது, ஒரு வாரம் தவறாமல் பிடித்து வைத்தார். வீட்டில் கோழி கிடையாது, வளர்க்கும் உத்தேசமும் கிடையாது. பிடித்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தாரா என்றால், அதுவும் இல்லை. பார்க்கப் போனால் அந்த நேரத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்குமே, அதை யார் பிடிப்பது? ஹார்டு டிஸ்க் நிரம்ப நிரம்பப் புதிதாக ஒன்று வாங்குவார். நிரம்பியவை டெய்லரம்மாவின் அலமாரியில் துணி வைக்கிற தட்டில் போய் உட்காரும். அவளுடைய துணி கட்டிலுக்கு அடியில் போகும்.

சிக்னல் நல்ல நாளிலேயே நோஞ்சான். டவர் தூரத்தில் இருந்தது, நடுவில் உயரமான கட்டடங்கள் வேறு. ஆரம்பத்தில் ஒருநாள் விவாதம் ஓடிக்கொண்டிருந்தபோது படம் உடைந்தது. பேசுகிறவரின் முகம் சதுரம் சதுரமாகப் பிரிந்து, மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நின்றது. டைம்கீப்பர் துப்புத் துலக்கக் கிளம்பினார். ஃபேனை நிறுத்திப் பார்த்தார். ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார். மாடிக்கு ஓடி ஆன்டெனாவை ஆட்டிப் பார்த்தார். கடைசியில், காலர் தைத்து முடித்து டெய்லரம்மா பெடலிலிருந்து காலை எடுத்தாள். படம் சரியாயிற்று. மறுபடி மிதித்தாள், உடைந்தது. எடுத்தாள், சேர்ந்தது.

"பிடிச்சுட்டேன்!" என்று அவர் கத்தினார். "உன் மெஷின்தான்! உன் மோட்டார்தான்!"

அந்த முகத்தில் அன்று தெரிந்தது கோபமே இல்லை, சந்தோஷம். அதை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும். படம் உடைகிறதே என்ற பதைப்பில் கவனிக்கவில்லை.

அன்று வந்தது சட்டம். பதிவு நடக்கிறபோது மெஷின் ஓடக்கூடாது. அவளுடைய மெஷினும் அவருடைய கம்ப்யூட்டர் மேஜையும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில்தான், ஜன்னல் ஓரமாக. வெளிச்சம் அவளுக்கு வேண்டும், ஒயர் அவருக்கு வேண்டும். அவள் மறந்து மிதித்துவிடுவாளாம். அதனால் பதிவு தொடங்கியதும் அவர் குனிந்து, மெஷின் பெடலை ஒயரோடு இழுத்துத் தன் நாற்காலிக்குக் கீழே போட்டுக்கொள்வார். அதற்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி உட்காருவார். யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

டெய்லரம்மா நேற்று தையல் கற்றவள் அல்ல. கல்யாணத்துக்கு முன்பே ரெடிமேட் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தவள். சூப்பர்வைசர் புதுப் பெண்களிடம், "காலர் எப்படி நிக்கணும்னு அவகிட்டப் போய்ப் பாருங்க" என்பாராம். கால்மிதியைக் கழற்றிவிட்டு மெஷினுக்கு மோட்டார் வாங்கிப் போட்டது அவளுடைய சொந்தச் சம்பாத்தியத்தில். அவர் டிப்போவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் வரைக்கும் பகல் முழுக்க வீடு அவளுடையது, ஹால் அவளுடையது, ஜன்னல் வெளிச்சம் அவளுடையது. மகள் படித்தது அந்த மெஷின் ஓட்டத்தில். பெடல் நாற்காலிக்குக் கீழே போன பிறகு, பதிவுக்கும் பதிவுக்கும் நடுவில் கிடைக்கிற துண்டு நேரத்தில் தைத்தாள். அது போதாதபோது மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தாள். ஒரு கையால் துணியைத் தள்ளி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மோட்டார் இருக்கிற மெஷினைக் கையால் சுற்றுகிற கொடுமை யாருக்கு வாய்க்கும்?

"கையால சுத்தினா படம் உடையல பாரு. சுத்திக்கோ, யாரு வேணாம்னா?" என்பார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வாயைத் திறந்தால் வீட்டை இரண்டாக்குவாள். தம்பி உலகத்தில் பயப்படுகிற ஒரே ஜீவன் அவள்தான். டெய்லரம்மா அண்ணி என்று கூப்பிடும் அவளும் இந்த விஷயத்தில் தம்பி பக்கம். "பாவம், ரிட்டயர் ஆனவன். அவனுக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்று டெய்லரம்மாவுக்குப் புத்தி சொன்னாள். தன் வீட்டு ஜன்னல் திரைகள் பாதி தைத்தபடி டெய்லரம்மாவிடம் கிடக்கின்றன, எப்போது கேட்டாலும் தம்பி "சிக்னல், சிக்னல்" என்கிறான் என்ற வருத்தம் மட்டும் அவளுக்கு உண்டு. சிக்னல் என்றால் ரயில்வே சமாசாரம் மாதிரி பெரிய விஷயம் என்று அவள் அடங்கிப் போவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒர்க்‌ஷாப் நடத்துகிற அம்மா டெய்லரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஒர்க்‌ஷாப்பில் வெட்டிய துணியை வீட்டுக்கு வீடு கொடுத்துத் தைத்து வாங்குவது அவள் தொழில். ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸ் கோட்டு ஆர்டர் முழுவதும் அவளுக்குக் கிடைத்திருந்தது.

"காலர் வச்ச கோட்டு. உன்னை மாதிரி தைக்க எனக்கு ஆள் இல்ல. நிரந்தரமா தர்றேன். ஆனா பகல் முழுக்க உட்காரணும். இப்ப தர்ற மாதிரி இன்னைக்கு ரெண்டு, நாளைக்கு ஒண்ணுன்னு தந்தா எனக்குக் கட்டாது. திங்கட்கிழமை காலைல வண்டி கிளம்பும். உன் வீட்ல துணி இறக்கணுமா வேணாமான்னு அதுக்குள்ள சொல்லிடு. இல்லாட்டி அடுத்த தெருவுக்குப் போயிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

டெய்லரம்மா அன்று வீட்டுக்கு வந்து, வருஷக்கணக்காகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். பகலில் மட்டும் விட்டுக் கொடுங்கள், சாயங்காலம் முழுக்க உங்களுக்கு என்றாள். டைம்கீப்பர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இவ்வளவு நாள் நீ தச்சுத்தான் நான் சாப்பிட்டேனா? பென்ஷன் வருதுல்ல? எதுக்கு உனக்கு இந்த வயசுல? வீட்ல ஒரு மனுஷன் நிம்மதியா உட்கார்ந்து நாலு விஷயம் பிடிச்சு வச்சா உனக்குப் பொறுக்காதே!"

"பிடிச்சு வச்சு என்ன பண்றீங்க? ஒண்ணையாவது திரும்பிப் பார்த்தீங்களா?"

"பார்ப்பேன். அது என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பதிவே ஓடாத நேரத்தில் பெடலை இழுத்து நாற்காலிக்குக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவளுக்கு அந்தக் காலையும் நாற்காலியையும் சேர்த்து ஜன்னல் வழியாக வெளியே தள்ளினால் என்ன என்று தோன்றியது. தள்ளவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள், ஒவ்வொன்றையும் கீழே வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

வியாழக்கிழமை அவர் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் பென்ஷன் ஆபீஸுக்குப் போனார். போகும் முன் வினாடி வினாவுக்கு நேரம் குறித்துவிட்டு, பெடலை மேஜைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் போனார். அன்று சக்கரமும் சுற்றாமல் இறுகிக்கொள்ள, அவள் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள். மோட்டார் மாட்டிய நாளிலிருந்து அந்த மெஷினுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். வந்தார், சிக்கியிருந்த நூலை எடுத்தார், எண்ணெய் விட்டார், மேஜைக்குப் பின்னால் கையை விட்டுப் பெடலை இழுத்தார்.

"அய்யோ, மிதிக்காதீங்க! ரெக்கார்டிங் ஓடுது. படம் உடைஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இன்னும் கண்டென்சர் போடலையா?"

"எந்தக் கண்டென்சர்?"

"மோட்டார்ல கார்பன் உரசும்போது பொறி பறக்குதுல்ல, அதுதான் உங்க ஆன்டெனாவைக் குழப்புது. குறுக்கே ஒரு சின்னக் கண்டென்சர் போட்டா அடங்கிடும். கார்பன் மாத்த வந்தப்ப சார் கேட்டாரே, இதுக்கு என்ன வழின்னு. அப்பவே சொன்னேன். பையிலயே இருக்கு, இப்பவே போட்டுடறேன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

மெக்கானிக்குக்குத் தான் எங்கே கால் வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்கண்ணே."

"வேணாம், இருக்கட்டும்னாரு. மெஷின் ஓடாம இருந்தாத்தான் வீட்ல ஒரு ஒழுங்கு இருக்கும்னு சிரிச்சாரு. நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேம்மா."

டெய்லரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுற்றிச் சுற்றி வீங்கிய தோள், கட்டிலுக்கு அடியில் போன துணி, திருப்பி அனுப்பிய ஆர்டர்கள், எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. இதெல்லாம் விவாதத்துக்காகவும் கோழி வளர்ப்புக்காகவும் என்றால்கூடப் பைத்தியக்காரத்தனம் என்று விட்டிருப்பாள். அதற்காகவும் இல்லையே! அவர் பிடித்து வைத்திருந்தது சேனலை அல்ல, அவளைத்தான்.

"போடுங்க அந்தக் கண்டென்சரை" என்றாள்.

போட்டார். அவளே உட்கார்ந்து மிதித்தாள். மெஷின் சீறிக்கொண்டு ஓடியது. பக்கத்துத் திரையில் வினாடி வினாக்காரர் ஒரு கட்டம்கூடப் பிரியாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலர் முழுக்கத் தைத்து முடித்தாள், அவர் மூக்கும் வாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெடலைப் பழையபடி மேஜைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தால்கூட டைம்கீப்பருக்கு ஒரு தடயமும் கிடைக்காது. அவருக்குத்தான் பார்க்கிற பழக்கமே இல்லையே.

சாயங்காலம் அவர் வந்ததும் அவள் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். எதிரிக்குக்கூடக் கொடுக்கிற வாய்ப்பு.

"மெஷின் ஓடினாலும் படம் கெடாம இருக்க ஏதோ வழி இருக்காமே?"

"எவன் சொன்னான்?" என்றார் அவர், சட்டென்று. பிறகு குரலை இறக்கி, "அதெல்லாம் ஒரு வழியும் இல்ல. நானும் விசாரிச்சுட்டேன். இருந்தா உனக்குச் செஞ்சு தரமாட்டேனா?" என்றார்.

முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். அவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். கண்டென்சர் போட்டாச்சு என்று இப்போது சொன்னால் அவர் வேறு காரணம் கொண்டுவருவார். கரண்ட் இழுக்கிறது, சத்தத்தில் தலை வலிக்கிறது, மேஜை ஆடுகிறது. தனியாக அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் டிப்போவிலேயே கிடையாது. சாட்சி வேண்டும். யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அது தானாக வந்தது. மறுநாள் அவள் துணி கொடுக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அங்கே கேமராவும் மைக்குமாகக் கூட்டம். வீட்டிலிருந்து தைக்கிற பெண்களைப் பற்றி, ஆன்டெனாவிலேயே வருகிற உள்ளூர் சேனலில் ஒரு நிகழ்ச்சியாம். ஞாயிற்றுக்கிழமை வருமாம். ஒர்க்‌ஷாப்காரம்மா ஒரு மணி நேரமாகத் தன்னைப் பற்றிப் பேசித் தீர்த்திருந்தாள். மைக் பிடித்திருந்த பெண் டெய்லரம்மாவிடம் வந்து, "வீட்லேர்ந்து தைக்கறதுல என்னக்கா கஷ்டம்?" என்று சும்மா கேட்டாள். கரண்ட் கட், முதுகுவலி என்று ஏதாவது வரும் என்று அவள் நினைத்திருப்பாள். டெய்லரம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாயை அவளாலேயே மூட முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. இத்தனை பேசியதைப் போடுவார்களா, வெட்டிவிடுவார்களா? வெட்டிவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். வெட்டினால் நாசமாய்ப் போவார்கள் என்று அடுத்த நிமிஷம் நினைத்தாள்.

பெண்டாட்டி டிவியில் வருகிறாள் என்று டைம்கீப்பருக்குத் தெருமுனையில் யாரோ சொல்லிவிட்டார்கள். மனுஷன் அரை அடி உயர்ந்துவிட்டார். "நம்ம வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை புரோகிராம்ல வர்றாங்க" என்று பால்காரரிலிருந்து எல்லோரிடமும் சொன்னார். அக்காவையும் அவள் புருஷனையும் அழைத்தார். "கம்ப்யூட்டர்ல பெரிசா பார்க்கலாம் அக்கா, அப்படியே பிடிச்சும் வச்சுடறேன். காலத்துக்கும் இருக்கும்." டெய்லரம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று, அவர் ஒவ்வொருவராக ஃபோனில் அழைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி வந்து நடு நாற்காலியில் அமர்ந்தாள். அவள் புருஷனுக்குக் காது மந்தம், அவருக்காகச் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தார்கள். டெய்லரம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். மெஷின் ஊசிக்குக் கீழே, மாதிரிக்கு வாங்கி வந்து பாதி தைத்த நர்ஸ் கோட்டு ஒன்று கிடந்தது. டைம்கீப்பர் பதிவைத் தொடங்கினார், வழக்கப்படி குனிந்து பெடலை இழுத்துத் தன் நாற்காலிக்குக் கீழே போட்டுக்கொண்டார், நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஒர்க்‌ஷாப்காரம்மா வந்தாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். யாரோ பொத்தான் தைத்தார்கள். பிறகு திரை முழுக்க டெய்லரம்மாவின் முகம்.

"பாரு, பாரு!" என்றார் டைம்கீப்பர். "எவ்வளவு தெளிவா இருக்கு பாரு அக்கா, என் ஆன்டெனா!"

"என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல டிவி ரெக்கார்ட் பண்ணுவாரு" என்றாள் திரையில் டெய்லரம்மா. டைம்கீப்பர் பெருமையாக அக்கா புருஷனான மாமா பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்த நேரத்துல மெஷின் ஓடினா படம் உடையுதுன்னு பெடலை எடுத்து அவரோட நாற்காலிக்குக் கீழ வச்சுக்குவாரு. நான் கையால சக்கரத்தைச் சுத்தித் தைப்பேன்."

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றது, கீழே இறங்க வழி தெரியாமல். அண்ணியின் டீ டம்ளர் உதட்டுக்குப் போகாமல் நடுவில் நின்றது.

"அதுக்கு ஏதும் வழி இல்லையாக்கா?" என்றது மைக் பிடித்த பெண்ணின் குரல்.

டெய்லரம்மா சமையலறை வாசலிலிருந்து தன் புருஷனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. குதிகால் நாற்காலிக்குக் கீழே தேடியது. கிடைத்தது. அமுக்கியது.

மெஷின் அலறிக்கொண்டு ஓடியது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "அடடா, கால் பட்டுடுச்சு" என்றார் டைம்கீப்பர். ஆனால் காலை எடுக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். இதோ இப்போது சதுரமாகப் பிரியும், இதோ இவள் வாய் ஒரு பக்கம் போய் நிற்கும், அப்புறம் சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

படம் அசையவில்லை. டெய்லரம்மாவின் முகம் ஒரு கட்டம்கூடப் பிரியாமல், ஆன்டெனா நட்ட நாளிலிருந்து அந்தத் திரையில் எதுவும் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை என்று சொல்லும்படி நின்று பேசியது.

"வழி இருக்கு. சின்னக் கண்டென்சர் ஒண்ணு. மெக்கானிக் அவர்கிட்ட அப்பவே சொல்லியிருக்காரு. வேணாம்னு சொன்னதே அவர்தான். மெஷின் ஓடாம இருந்தாத்தான் வீட்ல ஒழுங்கு இருக்கும்னாராம்."

அவர் இன்னும் பலமாக மிதித்தார். ஊசிக்குக் கீழே கிடந்த கோட்டு சுருண்டு சுருண்டு போய்ச் சிக்கிக்கொண்டது.

"டேய், காலை எடுடா! அவ பேசறது கேட்க வேணாம்?" என்று அண்ணி போட்ட சத்தத்தில் கால் தானாக மேலே வந்தது. மெஷின் நின்றது. டைம்கீப்பர் முதல்முறையாகத் திரும்பி, வாசலில் நிற்கிறவளைப் பார்த்தார்.

"வியாழக்கிழமையே கண்டென்சர் போட்டாச்சு" என்றாள் அவள். "அன்னைக்குச் சாயங்காலம் உங்ககிட்ட வழி இருக்கான்னு கேட்டேன். என்ன சொன்னீங்கன்னு உங்க அக்காகிட்டச் சொல்லுங்க."

அவர் முகத்தில் அசடு வழிந்தது.

காது மந்தமான மாமாவுக்கே எல்லாம் கேட்டுவிட்டிருந்தது. அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். டெய்லரம்மாவின் தோள்பட்டைக்காக அவள் கோபப்பட்டாள் என்று சொன்னால் அது பொய்.

"அப்போ என் ஜன்னல் திரை? சிக்னல், சிக்னல்னு எனக்கும் சேர்த்துத்தானே காதுல பூ சுத்தியிருக்கே? இத்தனை நாளா வெயில் மூஞ்சிலயே அடிக்குது எனக்கு! வெக்கமா இல்ல? தம்பி பாவம், தம்பி பாவம்னு இவளுக்கு நான் புத்தி வேற சொன்னேனே!"

"அக்கா, அது வந்து... எடிட் பண்ணிக் கோத்திருப்பாங்க. டிவிக்காரங்க அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் கை மௌஸைத் தேடியது. "இதை அழிச்சுடறேன் முதல்ல."

"அழிங்க" என்றாள் டெய்லரம்மா. "காத்துல சும்மா வர்றதுதானே? நம்ம மாடில மட்டுமா விழுந்திருக்கும்?"

மௌஸின் மேல் கை அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, டைம்கீப்பர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

அவர் எழுந்த இடைவெளியில் டெய்லரம்மா ஹாலுக்கு வந்தாள். குனிந்து, நாற்காலிக்குக் கீழேயிருந்து பெடலை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து, அவர் மிதித்துச் சிக்க வைத்த நூலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோட்டை உதறி நீவினாள். நிகழ்ச்சி முடியவில்லை, பதிவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் மிதித்தாள். தைத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப்காரம்மாவுக்கு ஃபோன் போட்டு, "நாளைக்கு என் வீட்ல இறக்கச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் டைம்கீப்பர் ஹாலின் நடுவில் வந்து நின்றார். இரவு அவர் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. பழக்கம் விடுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பத்துலேர்ந்து பன்னெண்டு..."

"ஒம்பதுலேர்ந்து ஆறு வரைக்கும் மெஷின்" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "நடுவுல சாப்பாட்டுக்கு நிறுத்துவேன். அந்த நாற்காலி என் காலை இடிக்குது. எடுத்து அந்தப் பக்கம் போடுங்க. புரிஞ்சுதா?"

வெளியே ஒர்க்‌ஷாப் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்.